2012 லேப்டாப்: நாலு கோளாறுக்கும் ஒரே பதிலா?

“பழசாயிடுச்சும்மா. ஃபார்மட் போட்டுப் பாக்கலாம், சரிவரலேன்னா புதுசு வாங்கிக்கோங்க.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் பழைய மாணவிகளில் பலர் இந்தப் பதிலை ஏற்கெனவே எங்கேயோ கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். வயதைச் சொல்லிவிட்டால் கோளாறைச் சொன்னதாகிவிடுமா? பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய மிஷின் இன்றைக்கு மக்கர் பண்ணுகிறது என்றால் அதில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்ன என்று பார்க்காமல் ஃபார்மட் போட்டால் சில சமயம் சரியாகிவிடும்; ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. பல சமயம் சரியாகாது. உள்ளே இருந்த படங்களும் ஃபைல்களும் போனதுதான் மிச்சம்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமை காலைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த வேலையைப் பார்ப்பது எனக்குப் பிடித்த விஷயம். காசு வாங்குவதில்லை. பார்ட்ஸ் வாங்க வேண்டியிருந்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

போன மாதம் வந்த ஒரு லேப்டாப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. நாலு தனித்தனிக் கோளாறுகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நாலுக்கும் அவளுக்குக் கிடைத்திருந்த பதில் ஒன்றுதான்.

2012-ல் பிளஸ் டூ முடித்த பெண். அந்த வருஷம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று தொடங்கிய திட்டம் அது. பள்ளியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதும், சீரியல் நம்பரைச் சரிபார்த்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கையெழுத்து வாங்கியதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். கூடவே பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். அதையும் சொல்ல வேண்டும், பின்னால் அது உதவிக்கு வந்தது. இந்தப் பெண் அதே லேப்டாப்பில் பி.ஏ. படித்தாள், பி.எட். முடித்தாள், கல்யாண ஆல்பம் முழுக்க அதில்தான் வைத்திருக்கிறாள். இப்போது டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள்.

“என்னம்மா செய்யுது?”

“ஸ்லோவா இருக்கு டீச்சர்.”

“ஆன் ஆகும்போது ஸ்லோவா, ஆன் ஆனதுக்கு அப்புறமா?”

“ரெண்டுமே. நடுவுல நடுவுல அப்படியே நின்னுடுது. மவுஸ் நகரும், ஆனா எதைத் தொட்டாலும் திறக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாம் சேர்ந்து திறக்கும். நெட்ல எந்த சைட்டுக்குப் போனாலும் ஏதோ சிவப்பா வருது. ரேம் வேற போட்டேன் டீச்சர், ஒரு பிரயோஜனமும் இல்ல. என்னை ஏமாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

இப்படிச் சொன்னால் போதும், பாதி வேலை முடிந்தது. ‘மவுஸ் நகரும், எதுவும் திறக்காது, அப்புறம் எல்லாம் சேர்ந்து திறக்கும்’ என்பது எவ்வளவு துல்லியமான குறிப்பு! பிராசஸர் திணறினால் மவுஸே தடுமாறும். மவுஸ் நன்றாக ஓடி மற்றதெல்லாம் நின்றால், மிஷின் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் டிஸ்க்குக்கு. நான் கேட்கும் முதல் கேள்விகள் எப்போதும் இவைதான்: எப்போதிலிருந்து, எதைச் செய்த பிறகு, எந்த வேலையின்போது. விண்டோஸ் 8, 10 வைத்திருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: கடைசியாக எப்போது ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தீர்கள்? அவற்றில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கினால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடுவதில்லை. ஒரு நகலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து விரிக்கும். தினமும் அணைத்துப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். டிரைவர் கோளாறு ஒன்று வாரக்கணக்கில் அப்படியே கூட வந்துகொண்டிருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

இவளுடையது விண்டோஸ் 7. அந்தப் பேச்சு இங்கே தேவைப்படவில்லை.

ஆன் செய்ததும் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2011 ஜனவரி 1 என்றிருந்தது. நெட்டில் வரும் சிவப்புக்குக் காரணம் கையோடு கிடைத்துவிட்டது. ஒவ்வொரு இணையதளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதை லேப்டாப்பின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2011-லேயே நின்றுவிட்ட கண்டக்டரிடம் இந்த வருஷத்து பஸ் பாஸை நீட்டினால் எப்படி ஒத்துக்கொள்வார்? பிரவுசரும் ஒத்துக்கொள்ளாது. க்ரோம் இதை நேராகவே சொல்கிறது, உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று. ஆனால் இங்கிலீஷில் சிவப்பாக ஒரு பக்கம் வந்தாலே நம் பிள்ளைகள் வைரஸ் என்று பயந்து மூடிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தேதியைச் சரிசெய்தேன். நிறைய தளங்கள் திறந்தன. சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் மறுபடி 2011. மெயின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மதர்போர்டில் தேதியையும் பயாஸ் (மிஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) அமைப்புகளையும் காத்து வைக்கும் நாணய பேட்டரியும் தீர்ந்திருந்தது. வெறும் சிஆர்2032தான், 3 வோல்ட். மல்டிமீட்டர் வைத்தால் அந்த அளவுக்கு வெகு கீழே காட்டியது. சில லேப்டாப்களில் அது சாக்கெட்டில் இருக்கும். இதில் கறுப்பு உறைக்குள் இரண்டு ஒயரோடு சின்ன கனெக்டரில் இருந்தது. அதே மாதிரி ஒயர் வைத்தது வாங்கி மாட்டினோம்.

இந்த பேட்டரி போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பயாஸ் அமைப்புகள் பழையபடி தொடக்க நிலைக்குப் போகும்போது சில மாடல்களில் மிஷின் டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ‘ஏஹெச்சிஐ’யிலிருந்து ‘ஐடிஇ’க்கு மாறிவிடும். அப்படி மாறினால் நன்றாக இருந்த விண்டோஸ் நீலத் திரையைக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பார்ப்பவர் விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது என்று ஃபார்மட்டுக்குப் போவார். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்தால் முடிகிற காரியம்.

அடுத்தது ரேம். இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு கடைக்காரர் மேல் விழுந்த பழி இதில் இருக்கிறது. அவள் சொன்னபடி 4 ஜிபி போடப்பட்டிருந்தது. ‘கம்ப்யூட்டர்’ ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால், இன்ஸ்டால்டு மெமரி 4.00 ஜிபி, பக்கத்திலேயே அடைப்புக்குள் 2.00 ஜிபி மட்டும் யூசபிள் என்று இருந்தது. போட்டது 4, பயன்படுவது 2. அவள் கண்ணில் அந்த அடைப்புக்குறிதான் பட்டிருக்கிறது. பாதி டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிட்டாள்.

ரேம் அசல்தான். பயாஸ் முழு 4 ஜிபியையும் எண்ணியது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. தடை இருந்தது விண்டோஸில். விண்டோஸ் 7-ல் ஸ்டார்ட்டர் என்ற அந்தப் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் போட்டாலும் அது தொடாது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வால்பேப்பரைக்கூட மாற்றவிடாத பதிப்பு அது. ‘டீச்சர், என் போட்டோவ வைக்க முடியல’ என்று அந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் வந்து நின்றார்கள்! அதே பதிப்பின் இன்னொரு எல்லைக்கோடு இது. விண்டோஸ் 7-இன் மற்ற 32 பிட் பதிப்புகள் என்றால் மூன்று ஜிபிக்கு மேல் கொஞ்சம் காட்டியிருக்கும்.

விற்றவர் ஏமாற்றவில்லை என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். ஆனால் மாட்டிக் கொடுத்த கையோடு அந்தத் திரையை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும், அவளுக்கும் சந்தேகம் வந்திருக்காது. இதே மாதிரி வேறு யாருக்காவது அடைப்புக்குறிக்குள் குறைவாகக் காட்டினால் இன்னொரு இடத்தையும் பாருங்கள்: ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து, ‘பூட்’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மேக்ஸிமம் மெமரி’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று. வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு அதில் டிக் போட்டு ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அது ரேமைக் கூட்டாது, அந்த எண்ணோடு வரம்பு கட்டிவிடும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

இனி ஸ்லோ.

இந்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தது என்றேன் அல்லவா? மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெரும்பாலான பிள்ளைகள் பூட் மெனுவில் அந்த வரியைப் பார்த்திருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய பாக்கியம். ஒரே மிஷினில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தால் அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. விண்டோஸ் திணறி பாஸ் நன்றாக ஓடினால் கோளாறு சாஃப்ட்வேரில். இரண்டுமே திணறினால் ஹார்டுவேரில். பொதுவாக அப்படித்தான் பிரிப்பேன்.

பாஸ் சுறுசுறுப்பாகத் திறந்தது. அப்படியானால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று சொல்லத் தோன்றும். அங்கேயே நின்றிருந்தால் நானும் ஃபார்மட்டுக்குத்தான் போயிருப்பேன். ஆனால் ‘மவுஸ் நகரும், எதுவும் திறக்காது’ என்று அவள் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. விண்டோஸுக்குள் வந்து ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து ‘டிஸ்க்’ பக்கத்தைப் பார்த்தேன். அதில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்று ஒரு பத்தி இருக்கும், மில்லிசெகண்ட் கணக்கில். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் அது பத்து, இருபது என்று ஓடிக்கொண்டிருக்கும். இங்கே எல்லாம் நின்றுபோகிற அந்தத் தருணத்தில் ஆயிரக்கணக்கில் ஏறியது. ஒரு ஃபைலைக் கேட்டால் டிஸ்க் பல நொடிகள் பதில் சொல்லாமல் இருக்கிறது.

அடுத்து ‘ஈவென்ட் வியூவர்’, விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் நோட்டு. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். நிறையப் பேர் இதைத் திறப்பதே இல்லை. திறந்தால் வரிசையாகச் சிவப்பு அடையாளங்களைப் பார்த்துப் பயந்து மூடிவிடுவார்கள். அதில் எல்லாச் சிவப்பும் முக்கியமில்லை. ‘சோர்ஸ்’ என்ற பத்தியில் ‘டிஸ்க்’ என்றிருக்கும் வரிகளை மட்டும் பாருங்கள். ஈவென்ட் ஐடி 7 என்று வரிசையாக நின்றிருந்தது. அதன் விளக்கம் ஒரே வரி: இந்த டிஸ்க்கில் கெட்டுப்போன பிளாக் இருக்கிறது. அந்த லேப்டாப் விடாமல் எழுதி வைத்திருக்கிறது, யாரும் படிக்கவில்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டை லைவாக, அதாவது லேப்டாப்பில் நிறுவாமலே ஏற்றி, ‘டிஸ்க்ஸ்’ என்ற நிரலில் ஸ்மார்ட் விவரத்தை, டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை, பார்த்தேன். விண்டோஸில் பார்க்க வேண்டுமானால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். இரண்டு வரிகள்தான் நான் முதலில் தேடுவது. ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ என்பது கெட்டுப்போய், டிஸ்க் தானே வேறு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்ட பகுதிகள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்பது படிக்க முடியாமல் போய், இன்னும் என்ன செய்வதென்று முடிவாகாமல் நிற்கும் பகுதிகள். இரண்டாவது பூஜ்யமாக இல்லாவிட்டால் எனக்குக் கை நடுங்கும். இதில் பூஜ்யமாக இல்லை. அப்படிப்பட்ட இடம் ஒன்றைத் தொடும்போது டிஸ்க் விடாமல் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். அதுவரைக்கும் மொத்த சிஸ்டமும் காத்திருக்கும். அவள் சொன்ன நின்றுபோதல் இதுதான்.

பாஸ் ஏன் வேகமாக இருந்தது? கெட்ட இடங்கள் டிஸ்க்கில் விண்டோஸுக்குப் பிரித்து ஒதுக்கிய பார்ட்டிஷனில் விழுந்திருந்தன. பாஸின் பார்ட்டிஷன் டிஸ்க்கின் கடைசிப் பகுதியில், நல்ல இடத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். டிஸ்க் சாகிற நிலையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு ‘செக்டிஸ்க்’ என்ற விண்டோஸின் டிஸ்க் பரிசோதனை நிரலை ஓட்டாதீர்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அது டிஸ்க் முழுவதையும் அலசும், ஃபைல் அமைப்பைத் திருத்தி எழுதும். நல்ல டிஸ்க்கில் அது வைத்தியம். இந்த நிலையில் மிச்சமிருக்கும் உயிரையும் அது எடுத்துவிடலாம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள், பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

வெளியே எடுக்க நான் நம்புவது டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் நிரலை. சாதாரணமாகக் காப்பி, பேஸ்ட் செய்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ அப்படிச் செய்யாது. முதல் சுற்றில் நல்ல இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். சிக்கலான இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு திரும்பி வந்து விட்டுப்போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எங்கே எவ்வளவு முடிந்தது என்பதை ‘மேப் ஃபைல்’ ஒன்றில் எழுதிக்கொண்டே வரும். அதனால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊரில் இது ரொம்ப முக்கியம். மேப் ஃபைலைக் கண்டிப்பாக வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். லைவ் பென் டிரைவில் வைத்தால் ரீஸ்டார்ட்டில் காணாமல் போய்விடும்.

320 ஜிபியையும் ஓர் இமேஜாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலாக ஒரே ஃபைலில், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இறக்கினேன். பெரும்பகுதி அன்று மாலைக்குள் வந்துவிட்டது. மிச்சமிருந்த சின்னத் துணுக்குகளுக்கு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டது. கடைசியில் படிக்கவே முடியாமல் போனது மொத்தத்தில் ரொம்பக் கொஞ்சம். அந்த இமேஜை ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் மவுன்ட் செய்து, ஒரு டிஸ்க் போலத் திறந்து, ஃபைல்களைப் பிரித்தெடுத்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சில போட்டோக்களில் மேல்பாதி நன்றாக இருந்தது, கீழ்பாதி சாம்பல் நிறப் பட்டையாக இருந்தது. ஜேபெக் ஃபைலில் நடுவில் ஓர் இடம் போனால் அதற்குக் கீழே உள்ளது இப்படித்தான் ஆகிவிடும். ஒரு படத்தில் மாப்பிள்ளை, பெண், பின்னால் நிற்கும் பெரியவர்கள் முகமெல்லாம் இருக்கிறது, மணவறை இல்லை. “முகம் இருக்குல்ல டீச்சர், போதும்” என்றாள்.

பி.எட். ப்ராஜெக்ட் முழுதாக வந்தது. ஆனால் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னவோ தெரிந்தது. ஃபைல் கரப்ட் என்று அவள் பதறிவிட்டாள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாமினி ஃபான்ட்டில் அடித்தது. பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். அந்த ஃபான்ட் இருக்கும் மிஷினில் தமிழாகத் தெரியும், இல்லாத மிஷினில் கண்டதும் தெரியும். அதனால் பழைய லேப்டாப்பில் கை வைக்கும் முன் டாக்குமென்ட்ஸ், போட்டோஸ் மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். ஃபார்மட்டில் முதலில் போவது அதுதான், யாரும் கவனிப்பதில்லை. நாங்கள் பாமினியை எடுத்து வைத்தோம். ப்ராஜெக்ட்டை எந்த மிஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பிரதியும் வைத்துக்கொண்டாள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் கிராமத்து டைப்பிங் சென்டரில் அடித்த ஃபைல்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பாமினியிலும் வானவில்லிலும்தான் கிடக்கின்றன.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான டிஸ்க்) மாட்டினோம். பழையது 9.5 மில்லிமீட்டர் கனம், இது 7; கூட வரும் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்தால் ஆடாமல் உட்காரும். ஃபேனில் சேர்ந்திருந்த கரிசல் தூசியையும் அப்போதே துடைத்தாயிற்று.

பிறகு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற கேள்வி. பழைய விண்டோஸ் 7-ஐயே திரும்பப் போடலாமா என்று கேட்டாள், பழகிவிட்டது என்பதால். எனக்கு மனமில்லை. 2020 ஜனவரி 14-ஓடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. க்ரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. தேதியைச் சரிசெய்த பிறகும் சில தளங்கள் அரைகுறையாகத் திறந்ததற்குக் காரணம் அந்தப் பழைய பிரவுசர்தான். இதுதான் நாலாவது கோளாறு. அதோடு ஸ்டார்ட்டரைப் போட்டால் காசு கொடுத்து வாங்கிய 4 ஜிபியில் பாதி மறுபடி சும்மா கிடக்கும். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, 2012 லேப்டாப்புக்கு அது எட்டாது. கிராக் செய்த விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பார்கள். பேங்க் பாஸ்வேர்டும் ஆதார் நகலும் இருக்கிற மிஷினில் யார் என்ன கலந்து வைத்தது என்று தெரியாத ஒன்றைப் போடச் சொல்ல என்னால் முடியாது.

லினக்ஸ் மின்ட்டின் இலகுவான வகையான எக்ஸ்எஃப்சிஇ போட்டோம். 22-ஆம் பதிப்பு, 2029 வரை அப்டேட் வரும். அதற்கு 64 பிட் பிராசஸர் வேண்டும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்ததால் பிராசஸரும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. லைவ் பென் டிரைவில் பார்த்தபோதே இது 64 பிட் என்று தெரிந்துவிட்டது. இப்போது 4 ஜிபி ரேமும் முழுதாகத் தெரிகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டாள்.

போட்டு முடித்ததும் வைஃபை இல்லை. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள். சில வைஃபை சிப்களுக்கு டிரைவர் தனியாக வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள், தானாக நெட் வந்துவிடும். பிறகு ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் அதுவே கண்டுபிடித்து எதைப் போட வேண்டும் என்று காட்டும். தமிழில் டைப் செய்ய ஐபஸ், எம்17என் என்ற நிரல்களை நிறுவி, தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கொடுத்தேன்.

டெட் பாட வீடியோக்கள் முதலில் வெட்டி வெட்டி ஓடின. நெட் வேகம் நன்றாகவே இருந்தது. யூடியூப் இப்போதெல்லாம் பெரும்பாலும் விபி9 போன்ற புதிய வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. 2012 சிப்பில் அதை விரிக்க வன்பொருள் வசதி இல்லை, எல்லாப் பாரமும் பிராசஸர் தலையில் விழுகிறது. ஹெச்.264 வடிவத்தையே அனுப்பச் சொல்லும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றை பிரவுசரில் சேர்த்தேன். அந்த வடிவம் இந்தச் சிப்புக்குத் தெரியும். 480பி-யில் தடையில்லாமல் ஓடுகிறது, கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அவளுக்கு அது போதும்.

இன்னும் ஒன்று பாக்கி. ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் பிரைட்னஸ் பட்டன்கள் வேலை செய்வதில்லை, திரை முழு வெளிச்சத்தில் நிற்கிறது. ஸ்லீப்புக்கு முன் வேலை செய்கிறது என்பதால் பட்டனில் தப்பில்லை. பூட் ஆகும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு, திரையின் பின்வெளிச்சமான பேக்லைட்டை வேறு வழியில் கையாளச் சொல்லும் அளவுரு ஒன்று இருக்கிறது. அதன் மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். எதை மாற்றினாள், மாற்றியதும் என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் மூடி வைக்காமல் ஷட் டவுன் செய்கிறாள். எஸ்எஸ்டி இருப்பதால் திரும்ப ஆன் ஆக அதிக நேரம் பிடிப்பதில்லை.